அந்த ஒரு வரி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எங்கள் ஊர் அரசுப் பள்ளிகளில் மாணவர் சேர்க்கை சரிந்திருப்பதைப் பற்றிய உங்கள் செய்தியைப் படித்தேன். 'பெற்றோரின் தனியார் பள்ளி மோகமே காரணம்' என்று கடைசி வரியில் தீர்ப்பும் எழுதிவிட்டீர்கள். குற்றவாளிகளில் நானும் ஒருவன். என் வாக்குமூலத்தையும் கேட்டுவிடுங்கள்.

என் மகனை ஒன்றாம் வகுப்பில் தெருமுனை அரசுத் தொடக்கப் பள்ளியில்தான் சேர்த்தேன். ஐந்து வகுப்புக்கு இரண்டு ஆசிரியர்கள். அறுபது பிள்ளைகள் வரை இரண்டு பேர் போதும் என்பது கல்வி உரிமைச் சட்டத்தின் கணக்கு. தலையைத்தான் எண்ணுவார்கள், வகுப்பை எண்ண மாட்டார்கள். அந்த இருவரில் ஒருவர் தலைமையாசிரியர். பயிற்சி, கூட்டம், 'எமிஸ்' என்ற கல்வித் துறை இணையதளப் பதிவு, வாக்காளர் பட்டியல் என்று பாதி நாள் அவருக்கு வெளியிலேயே போய்விடும். மிச்சமிருக்கும் டீச்சர் இந்தப் பக்கம் 'அ' எழுதிப் போட்டுவிட்டு அந்தப் பக்கம் பின்னம் நடத்துவார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. இரண்டு வருடம் பார்த்துவிட்டு, கடன் வாங்கிப் பையனைத் தனியாருக்கு மாற்றினேன். மோகம்!

பக்கத்து நடுநிலைப் பள்ளியில் பிள்ளைகள் குறைந்ததும் 'பணி நிரவல்' என்று ஓர் ஆசிரியரை வேறு ஊருக்கு அனுப்பினார்கள். அவர் போனதும் இன்னும் சிலர் டி.சி. வாங்கினார்கள். இதெல்லாம் உங்கள் நிருபருக்குத் தெரியாததா?

அப்புறம் தனியார் பள்ளியின் லட்சணம். நம் மாநிலத்தில் எட்டாம் வகுப்பு வரை யாரையும் ஃபெயிலாக்குவதில்லை. சல்லடை ஒன்பதாம் வகுப்பில்தான். "பத்தாவதில் உங்கள் பையன் தேறுவது கஷ்டம். நீங்களாகவே டி.சி. வாங்கிக்கொண்டால் பாஸ் போட்டுத் தருகிறோம்" என்றார்கள். ஏழு வருடம் ஃபீஸ் கட்டியவனுக்குக் கிடைத்த மரியாதை அது. அரசு உயர்நிலைப் பள்ளியில் ஒரு கேள்வியும் கேட்காமல் சேர்த்துக்கொண்டார்கள். இல்லை, ஒன்று கேட்டார்கள்: "மதியம் இங்கேயே சாப்பிடுவியாப்பா?" கணக்கில் 38 வாங்கித் தேறினான். அவனைப் போலவே அங்கிருந்து கழற்றிவிடப்பட்டு வந்த மூன்று பேர் தேறவில்லை.

அந்த மே மாதம் உங்கள் நாளிதழில் என்ன வந்தது? கழற்றிவிட்ட பள்ளிக்கு 'நூறு சதவீதச் சாதனை', கலரில் படம். சேர்த்துக்கொண்ட பள்ளிக்கு 'பின்னடைவு'. மாநில ரேங்க் அறிவிப்பதை அரசு 2017இலேயே நிறுத்திவிட்டது. இந்த நூறு சதவீதத்தை நிறுத்தத்தான் ஆளில்லை.

என் மகளை ஆறாம் வகுப்பிலேயே அரசுப் பள்ளியில் சேர்த்துவிட்டேன். கல்லூரிக்குப் போனால், அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கான புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும், அதற்காகத்தான் என்கிறார் என் மைத்துனர். இருக்கட்டும், அதையும் மோகத்திலேயே சேர்த்துக்கொள்ளுங்கள்.

நான் கேட்பது சின்ன விஷயம். அடுத்த முறை தேர்ச்சி சதவீதம் போடும்போது, ஒவ்வொரு பள்ளியிலும் ஒன்பதாம் வகுப்பில் எத்தனை பேர் இருந்தார்கள், பத்தாம் வகுப்புத் தேர்வை எத்தனை பேர் எழுதினார்கள் என்ற இரண்டு எண்களையும் பக்கத்தில் போடுங்கள். விளம்பரம் தரும் பள்ளிகள் மனம் வருந்தும் என்றால் எங்கள் ஊருக்கு மட்டுமாவது போடுங்கள்.

இப்படிக்கு,
மோகம் தெளிந்த ஒரு தகப்பன்