தம்பிக்கு: யாருக்கு இப்போது கொடுக்க வேண்டாம்

அன்புத் தம்பிக்கு,

நீ அனுப்பியதை நிதானமாகப் படித்தேன். நான்கு இடத்தில் கடன். நிலையான வேலை இல்லை. அவ்வப்போது கிடைக்கிற வேலையில் வருகிற பணம் வந்த அன்றே போய்விடுகிறது. "எந்தக் கடனை அக்கா முதலில் அடைப்பது?" என்று கேட்டிருக்கிறாய். என்னைக் கேட்டால், இப்போதைக்கு எதையும் அடைத்து முடிக்கப் பார்க்காதே. அது மாதச் சம்பளம் வர ஆரம்பித்த பிறகு செய்கிற வேலை. அதுவரை கடன் மேலும் வளராமல் பார்த்துக்கொள். வேலை தேடுவதற்கு வேண்டிய நேரத்தையும் காசையும் யாரும் பிடுங்கிக்கொள்ளாமல் பார்த்துக்கொள். இது போதும்.

இதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் தகுதி உண்டு. கணக்குப் பிரிவுக்கு மாறுவதற்கு முன் நான் கடன் வசூலில் இருந்தேன் என்பது உனக்குத் தெரியும். உனக்கு இப்போது வருகிற அழைப்புகளின் மறுமுனையில் உட்கார்ந்திருந்தவள் நான்.

அங்கே திரையில் உன் முகமோ உன் கஷ்டமோ தெரியாது. பெயர், நிலுவைத் தொகை, எத்தனை நாள் தாமதம், கீழே பழைய அழைப்புகளின் குறிப்பு, அவ்வளவுதான் இருக்கும். தாமதத்தை வைத்து ஆட்களைப் பிரிப்பார்கள். 30 நாள் வரை ஒரு பக்கெட், 60 வரை அடுத்தது, 90 வரை இன்னொன்று. 90 நாளைத் தாண்டினால் வாராக்கடன்; பெரும்பாலான நாடுகளில் வங்கிகள் கோடு போட்டிருப்பது இந்த இடத்தில்தான். பக்கெட் ஏற ஏறப் பேசுகிற ஆள் மாறுவார், தொனியும் மாறும். ஆரம்பத்தில் பேசுகிறவருக்கு உன்மேல் கோபமெல்லாம் கிடையாது. அவருக்கு வேண்டியது ஒரு தேதி. "எப்போ கட்டுவீங்க?" என்று கேட்பார். நீ ஒரு தேதி சொன்னால் அதை வாக்குறுதி என்று பதிவு செய்வார். அந்தத் தேதியில் பணம் வரவில்லையென்றால் 'சொன்ன வாக்கைத் தவறியவர்' என்று உன் பெயருக்குக் கீழே ஏறிவிடும். அடுத்த வாரம் அழைப்புகள் கூடுவது அதனால்தான்.

போனை வைத்தால் போதும் என்று "வெள்ளிக்கிழமை கட்டிடறேன்" சொல்கிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த ஒரு வாக்கியம் அவர்களுக்குச் செய்த கெடுதல் கொஞ்சநஞ்சமில்லை. நீ அதைச் சொல்லாதே. உனக்கே தெரியாத தேதியைக் கொடுக்காதே. "வேலை போய்விட்டது, தேடிக்கொண்டிருக்கிறேன், இப்போது மாதம் இவ்வளவுதான் முடியும், எழுத்தில் அனுப்புகிறேன், பதிலையும் எழுத்தில் கொடுங்கள்." இதைத் தணிந்த குரலில், ஒவ்வொரு முறையும் இதே மாதிரி சொல். கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம்.

இன்னொன்று. தவணைத் தேதிக்கு முன்பே தானாக அழைத்தவர்களை எங்கள் மேலாளர் வேறு மாதிரிதான் நடத்தினார். கருணை என்று நினைக்காதே. பக்கெட்டில் விழாத கணக்கை மாற்றி எழுதுவது அவர்களுக்கும் சுலபம், கணக்கில் கறையும் விழாது. காலத்தை நீட்டித் தவணையைக் குறைக்கலாம், சில மாதம் வட்டி மட்டும் கட்ட விடலாம், தவணைத் தேதியை நகர்த்தலாம். போனில் பேசுகிற பையனுக்கு இதில் எதையும் செய்ய அதிகாரம் கிடையாது, அவனிடம் மல்லுக்கட்டாதே. கடனை மாற்றியமைக்கிற பிரிவு எது, யாருக்கு எழுத வேண்டும் என்று மட்டும் கேள். அப்புறம், தவணையைத் தள்ளிவைத்தால் அந்த மாதங்களுக்கு வட்டி ஓடுமா என்பதையும் கேட்டுவிடு. பெரும்பாலும் ஓடும். ஓடினாலும் சில சமயம் அது தேவைப்படலாம், ஆனால் தெரிந்து செய்.

மரியாதை கெட்டுப் பேசினால், உன் சொந்தக்காரர்களுக்குப் போன் போட்டு அவமானப்படுத்தினால், பதிலுக்குக் கத்தாதே. நாள், நேரம், எண், என்ன சொன்னார்கள் என்று எழுதி வை. அதை வைத்து நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுத்தில் புகார் கொடு. உள்ளே இருந்து பார்த்தவள் சொல்கிறேன், எழுத்தில் வருகிற புகாருக்கு அவர்கள் பதில் வைத்தாக வேண்டும். போனில் போடுகிற சண்டை காற்றோடு போய்விடும்.

சரி, கணக்குக்கு வருவோம். ஒரு தாளை எடுத்து நான்கு கடனையும் எழுது. பாக்கித் தொகையும் வட்டியும் எல்லோரும் எழுதுவார்கள். நீ அதற்குப் பக்கத்தில் இன்னொரு பத்தி போட்டு, 'இதைக் கட்டாவிட்டால் யாருக்கு, என்ன நடக்கும்?' என்பதை எழுது. இந்தப் பத்திதான் முக்கியம். அம்மா ஜாமீன் கையெழுத்துப் போட்ட கடன் இருக்கிறதே, அது தவறினால் அவர்கள் நேராக அம்மாவிடம் போவார்கள். ஜாமீன் கையெழுத்து என்றால் சட்டப்படி அதுதான் பொருள். வண்டிக் கடன் தவறினால் வண்டி போகும், வண்டி போனால் இப்போது வருகிற சில்லறை வருமானமும் போகும். கிரெடிட் கார்டு பாக்கிக்குப் பின்னால் ஈடு எதுவும் இல்லை. வட்டி ஏறும், கடனை ஒழுங்காகக் கட்டுகிறாயா என்று காட்டுகிற உன் கடன் மதிப்பெண் (கிரெடிட் ஸ்கோர்) இறங்கும், கூப்பிட்டுத் தொல்லை செய்வார்கள், கடைசியில் வழக்குப் போடவும் செய்வார்கள். ஆனால் நாளைக் காலையில் வந்து உன் வேலைக்கருவியைத் தூக்கிக்கொண்டு போக மாட்டார்கள். நண்பனிடம் வாங்கிய கைமாற்றுக்கு வட்டி இல்லை. ஆனால் அவன் போனை நீ எடுக்காமல் இருப்பதுதான் அவனுக்கு வலிக்கும். அவனிடம் நேரில் போய் நிலைமையைச் சொல்.

இப்போது வேடிக்கையைப் பார். இந்த நால்வரில் அதிகம் சத்தம் போடுகிறவர் கார்டுக்காரர். அதனால் கையில் வருகிற காசில் முதல் பங்கு அவருக்கே போய்க்கொண்டிருக்கிறது. சத்தமே போடாத ஜாமீன் கடன் பின்னால் நிற்கிறது. இந்த வரிசையைத் திருப்பு. வீட்டு வாடகை, மின்சாரம், சாப்பாடு, மருந்து, போன் இணைப்பு, இன்டர்வியூவுக்குப் போய்வரும் செலவு, இவையெல்லாம் கடன்காரர்களுக்கு முன்னால். போன் இணைப்பை ஆடம்பரம் என்று உன் மாமா சொல்வார், காதில் வாங்காதே. வேலைக்குக் கூப்பிடுகிறவன் அதில்தான் கூப்பிடுவான். அதன் பிறகு ஜாமீன் கடன், வண்டிக் கடன். மீதி இருந்தால் கார்டு.

கார்டில் 'குறைந்தபட்சத் தொகை' கட்டி வந்ததாகச் சொன்னாய். அது என்ன செய்கிறது என்று பார். மாதம் 3 சதவீத வட்டி என்று வைத்துக்கொள். வட்டிக்கு வட்டி சேர்ந்தால் வருடத்துக்கு 42 சதவீதத்தைத் தாண்டும். பாக்கியில் 5 சதவீதம் மட்டும் கட்டிக்கொண்டே வந்தால், புதிதாக ஒரு பைசா செலவு செய்யாவிட்டாலும், கடன் பாதியாகக் குறைய ஏறக்குறைய 32 மாதம் ஆகும். பாதியாகத்தான், முழுசாக இல்லை. கார்டைக் கையோடு வைத்துக்கொண்டு இதை அடைக்க முடியாது. முடக்கிவிடு. பிறகு மேலே சொன்ன மாதிரி எழுதி, பாக்கியைக் குறைந்த வட்டித் தவணையாக மாற்றச் சொல்லிக் கேள்.

எல்லாவற்றையும் அடைக்க ஒரே கடனாக வாங்கிவிடலாமா என்று கேட்டிருந்தாய். வருமானம் இல்லாதவனுக்கு நல்ல வட்டியில் கடன் கொடுக்க யாரும் வர மாட்டார்கள். வருகிறவன் வேறு கணக்கோடு வருவான். 'வெறும் 12 சதவீதம்' என்பார்கள். அது பிளாட் ரேட்டா, குறைந்துவரும் அசலுக்கா என்று கேள். பிளாட் என்றால் நீ அசலைத் திருப்பிக் கட்டிக்கொண்டே வந்தாலும் முதல் நாள் வாங்கிய முழுத் தொகைக்கும் வட்டி போடுவார்கள். ஒரு வருடக் கடனில் அந்த 12, உண்மையில் 21 சதவீதத்துக்கும் மேல் வந்து நிற்கும். போனில் ஐந்து நிமிடத்தில் கொடுக்கிற செயலிக் கடன் பக்கமே தலைவைத்துப் படுக்காதே. உன் தொடர்பு எண்களைப் பார்க்க அனுமதி கேட்கிற செயலி, நாளைக்கு அதில் உள்ளவர்களுக்கெல்லாம் செய்தி அனுப்பப் போகிறது என்று வைத்துக்கொள்.

இனி வேலை. போன மாதம் வந்த ஒரு நல்ல அழைப்பை நீ தவறவிட்டதாகச் சொன்னாய், "மூளையே வேலை செய்யல அக்கா" என்றாய். உன் மூளைக்கு ஒன்றும் ஆகவில்லை. 2013-ல் 'சயின்ஸ்' இதழில் ஒரு ஆய்வு வந்தது. ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷாஃபிர், ஜியாயிங் ஜாவோ நான்கு பேரும் செய்தது. நம் தமிழ்நாட்டுக் கரும்பு விவசாயிகள் 464 பேரிடம் அறுவடைக்கு முன்னால் ஒரு முறையும் பின்னால் ஒரு முறையும் புதிர் மாதிரியான சோதனைகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். கையில் காசில்லாத, கடனும் அடகுமாக இருந்த அறுவடைக்கு முந்தைய நாட்களில் அதே மனிதர்கள் கணிசமாகக் குறைவாகச் செய்தார்கள். பணம் வந்ததும் தேறிவிட்டார்கள். பணக் கவலை தலைக்குள் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது, மற்றதற்கு மிச்சமிருப்பது குறைவு. அவ்வளவுதான்.

அதனால் கடனுக்கு என்று வாரத்தில் ஒரு நேரம் ஒதுக்கு. செவ்வாய்க்கிழமை மாலை என்று வைத்துக்கொள்ளேன். கடிதம் எழுதுவது, திருப்பிக் கூப்பிடுவது, கணக்குப் பார்ப்பது எல்லாம் அப்போது. மற்ற நாட்களில் அந்த எண்கள் அடித்தால் அடிக்கட்டும். எழுத்தில் பதில் சொல்லியிருக்கிறாய், நீ ஒளியவில்லை. காலை நேரம் முழுக்க வேலை தேடலுக்கு. இடைக்கால வேலை எதையும் எடு, கௌரவம் பார்க்காதே. ஆனால் கொஞ்சம் கூடக் கொடுக்கிறார்கள் என்பதற்காகப் பகல் முழுவதையும் விழுங்குகிற வேலையை எடுத்துவிடாதே. இரவு ஷிப்ட்டில் குறைவாக வந்தாலும் பகலில் இன்டர்வியூவுக்குப் போக முடிகிறதே, அது பெரிய விஷயம். வருமானம் ஏறி இறங்குகிற காலத்தில், நன்றாக வந்த மாதத்தை வைத்து யாரிடமும் தவணைக்கு ஒத்துக்கொள்ளாதே. உனக்குக் குறைவாக வந்த மாதம் எதுவோ அதுதான் கணக்கு.

வேலை தருகிறேன், முன்பணம் கட்டு, பயிற்சிக்குக் கட்டு என்று எவன் கேட்டாலும் எழுந்து வந்துவிடு. கடனில் இருக்கிறவனைத்தான் இந்த ஆட்கள் குறிவைக்கிறார்கள், அவசரத்தில் யோசிக்க மாட்டான் என்று தெரியும். நிதி நிறுவனங்களுக்கு நீ விண்ணப்பிக்கிறாய் என்பதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். அங்கே சிலர் ஆளை எடுக்கும் முன் கடன் அறிக்கையை, அதாவது நீ வாங்கிய கடன்களும் கட்டிய விதமும் பதிவாகியிருக்கிற அறிக்கையைப் பார்ப்பார்கள். 'பாதியைக் கட்டுங்கள், செட்டில்மென்ட் பண்ணிவிடலாம்' என்று கார்டுக்காரர் ஆசை காட்டினால் அதையும் மனதில் வைத்துக்கொள். முழுசாக அடைத்த கணக்கும் செட்டில்மென்ட் ஆன கணக்கும் அந்த அறிக்கையில் ஒரே மாதிரி தெரியாது. வேறு வழியே இல்லாமல் செட்டில்மென்டுக்குப் போனால், அவர்கள் சம்மதத்தை எழுத்தில் வாங்காமல் பணம் கட்டாதே. கட்டிய பிறகு பாக்கி இல்லை என்ற கடிதத்தையும் விடாமல் வாங்கு.

யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். வேலை கிடைத்த முதல் மாதம்தான் இருப்பதிலேயே நெருக்கடியான மாதம். சில்லறை வருமானம் நின்றிருக்கும், சம்பளம் வர மாதக் கடைசி ஆகும், சில இடங்களில் அடுத்த மாதத்துக்கே தள்ளிப்போகும். தினம் போய்வரும் செலவு, உடை, சான்றிதழ் நகல் என்று அந்த நேரத்தில்தான் செலவும் வரும். வேலை கிடைத்துவிட்டது என்று தெரிந்த அன்றைக்கே சந்தோஷத்தில் நான்கு பேருக்கும் போன் போட்டு 'அடுத்த மாதம் மொத்தமாகத் தருகிறேன்' என்று சொல்லிவைத்து, அந்த வாக்கைத் தவறி, மறுபடி பக்கெட் ஏறியவர்களை எனக்குத் தெரியும். இப்போது கிடைக்கிற காசிலிருந்து, எவ்வளவு சின்னதாக இருந்தாலும், அந்த ஒரு மாதத்துக்கென்று தனியாகக் கொஞ்சம் ஒதுக்கி வை. கார்டுக்காரர் கத்தினாலும் அதில் கை வைக்காதே. முதல் சம்பளம் கணக்கில் ஏறிய பிறகு எல்லோருக்கும் எழுதலாம். தவணைத் தேதியைச் சம்பளத் தேதிக்கு இரண்டு மூன்று நாள் பின்னால் வைக்கச் சொல்லி அப்போது கேள்.

அம்மாவிடம் ஜாமீன் கடனைப் பற்றி இன்னும் சொல்லவில்லை என்று நினைக்கிறேன். வெளியாள் போன் செய்து தெரிந்துகொள்வதைவிட நீயே சொல்வது நல்லது. தனியாகச் சொல்லத் தயக்கமாக இருந்தால் என்னையும் லைனில் வைத்துக்கொள்.

தாளை எழுதி முடித்ததும் படமெடுத்து அனுப்பு. வண்டிக் கடனின் ஒப்பந்தத்தையும் சேர்த்து அனுப்பு, அதில் எத்தனை தவணை தவறினால் வண்டியை எடுக்கலாம் என்று ஒரு வரி இருக்கும். அதைப் பார்த்துவிட்டு யாருக்கு முதலில் எழுதுவது என்று சொல்கிறேன். கடிதத்தை நீ எழுது, நான் திருத்தித் தருகிறேன்.

அன்புடன்,
அக்கா