அந்தப் பதிலை அவரே சொல்லியிருப்பார், தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

என்ன முடிவு என்பது உனக்குத் தெரியும்: உன் கையில் இருந்த கிளையன்ட் உன் டீமில் இன்னொருவரிடம் போகிறது, உனக்குப் புது டீம் வருகிறது. ஏன் என்பதை மட்டும் எழுதுகிறேன். டீமில் மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் யார் பெயரும் இதில் இல்லை. சில விஷயங்களை நேரில் வைத்துக்கொள்வோம்.

அந்த மாதாந்திர மீட்டிங்தான் கண்ணைவிட்டுப் போகவில்லை. "போன மாதத்தைவிட ஏன் இறங்கியிருக்கிறது?" என்று கிளையன்ட் தரப்பில் கேட்டார்கள். ரிப்போர்ட் கொடுத்துக்கொண்டிருந்தவர் நோட்டைப் புரட்டினார். பதில் அங்கேயே இருந்தது, பென்சிலில் அடிக்கோடு போட்டு. பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கே தெரிந்தது. அவர் விரல் அந்த வரிக்குப் போவதற்குள் நீ பேச ஆரம்பித்துவிட்டாய். நீ சொன்னது சரியான பதில்தான். அவர் நோட்டை மூடிவிட்டார். அதன்பிறகு வந்த ஒவ்வொரு கேள்விக்கும் எல்லோரும் உன் முகத்தைத்தான் பார்த்தார்கள், அவர் உட்பட.

அப்போதே சொல்லாமல் இவ்வளவு நாள் கழித்துச் சொல்வது உனக்கு வலிக்கும். மன்னித்துக்கொள். ஆனால் எல்லோர் முன்னும் உன்னை நிறுத்தியிருந்தால், நீ அவருக்குச் செய்ததையே நான் உனக்குச் செய்ததாகியிருக்கும்.

தண்ணீரில் தள்ளிவிட்டால் தானாக நீந்துவார்கள் என்று நீ சொல்வாய். 1908இல் யெர்க்ஸ், டாட்சன் என்ற உளவியல் ஆய்வாளர்கள் இருவரும் சுண்டெலிகளை வைத்துச் செய்த சோதனையைப் பார். எளிதான வேலையில் மின்அதிர்ச்சி கூடக்கூட எலிகள் சீக்கிரம் கற்றன. வேலை கடினமானபோது பலத்த அதிர்ச்சி கற்பதைத் தாமதமாக்கியது; மிதமானதுதான் உதவியது. எலியை வைத்து மனிதரை அளக்க முடியாது என்பது சரி. ஆனாலும் ஆபீஸில் தினமும் நடப்பது இதுதான்: பழகிய வேலையில் கெடு கைகொடுக்கும், புது வேலையில் அதே கெடு ஆளை உறைய வைத்துவிடும். நீ அவருக்குக் கொடுத்த வேலையில் கிளையன்ட் புதிது, டூல் புதிது, பேசுவதும் முதல் தடவை. கெடு இரண்டே நாள்.

ஒரு நேரத்தில் ஒன்று மட்டும் புதிதாக இருக்கட்டும். முதலில் நீ செய்வதை அவர் பார்க்கட்டும், அடுத்து சேர்ந்து செய்யுங்கள், பிறகு அவர் செய்ய நீ சும்மா உட்கார்ந்திரு, கடைசியில் நீ அந்த அறையிலேயே இருக்காதே. மூன்றாவது கட்டத்தில்தான் எல்லா டீம் லீடும் சறுக்குகிறார்கள். கேள்வி வந்ததும் மனதுக்குள் பத்து எண்ணு. எதை அவரே முடிவு செய்யலாம், எதற்கு உன்னிடம் வர வேண்டும் என்பதை வேலை தொடங்கும் முன்பே எழுதிக் கொடு. வாரம் இரண்டு தடவை, கால் மணி நேரம், நேரத்தைக் குறித்து வைத்துப் பேசு. பிரச்சினையோடு வந்தால் "இதுவரை என்ன செய்து பார்த்தீர்கள்?" என்று முதலில் கேள்.

முக்கியமாக, புது வேலை வந்தால் பழைய வேலை இறங்க வேண்டும். வாரத்தில் ஒரு நாள் புதியதற்கு என்றால், அந்த ஒரு நாள் வேலை யார் கைக்குப் போகிறது என்று தெரிந்தாக வேண்டும். இல்லாவிட்டால் அது வளர்ச்சி இல்லை, ஓவர்டைம். முதல் சில மாதங்கள் வேகம் குறையும். அந்தக் குறைவை அப்ரைசலில் மதிப்பெண்ணாக வெட்டினால் அடுத்த முறை யாரும் கை தூக்க மாட்டார்கள்.

டீம்கள் எப்படி இயங்குகின்றன என்று ஆராய்கிற ஏமி எட்மண்ட்சன் 1990களில் மருத்துவமனைகளில் ஆராய்ந்தபோது, நன்றாக இயங்கிய டீம்களில்தான் மருந்துத் தவறுகள் அதிகம் பதிவாகியிருந்தன. அவர்கள் தவறுகளை மறைக்காமல் பேசினார்கள் என்பதே அவர் கண்ட விளக்கம். நம் டீமில் பதிவே இல்லை. அதை நீ பெருமையாகச் சொல்கிறாய்.

ராத்திரி உட்கார்ந்து அந்த ரிப்போர்ட்டைத் திருத்தியவன் நீ. அவ்வளவு அக்கறை உள்ள டீம் லீட் கிடைப்பது அபூர்வம். ஆனால் காலையில் அவர் திறந்து பார்த்தபோது அவர் எழுதிய வரி ஒன்றுகூட மிஞ்சவில்லை. நாம் எப்படி எழுதினாலும் மாற்றத்தான் போகிறார் என்று தெரிந்த பிறகு யார் மெனக்கெடுவார்கள்?

கோபமாகவே கேட்கிறேன்: பழகிய வட்டத்தைவிட்டு வெளியே வாருங்கள் என்று எல்லோருக்கும் சொல்கிற நீ, எப்போது வந்தாய்? எல்லாப் பதிலும் தெரிந்தவனாக இருப்பதுதான் உன் வட்டம். அதனால்தான் அந்த கிளையன்ட் அவரிடம் போகிறது, உனக்கு ஒன்றுமே தெரியாத டீம் உன்னிடம் வருகிறது. ஒதுக்குகிறார்கள் என்று நீ நாலு பேரிடம் சொன்னதும் என் காதுக்கு வந்தது. உன்னை ஒதுக்க நினைத்திருந்தால் இருந்த இடத்திலேயே விட்டிருப்பேன்.

உனக்கும் அதே விதிதான்: பழைய பொறுப்பில் பாதி இந்த மாதமே இறங்கிவிடும், கால் மணி நேரம் என்னோடு வாரம் இரண்டு தடவை. நீ திணறினாலும் நடுவில் புக மாட்டேன்.

ஹேண்டோவர் குறிப்பைத் திங்கட்கிழமை அனுப்பு. கிளையன்ட் எதற்கெல்லாம் எரிச்சலாவார்கள் என்று விரிவாக எழுது. எப்படிச் சமாளிப்பது என்பதை மட்டும் எழுதாதே.

அன்புடன்,
அண்ணன்