ஊசி முறிந்த நேரம் யார் கணக்கில்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். டிசம்பர் நெருங்கினால் மொரிசியஸ் தையல் ஆலைகளைப் பற்றி ஒரே பேச்சுதான் காதில் விழுகிறது: "பதின்மூன்றாம் மாதச் சம்பளம் கொடுக்கிறோம், வருகைப் போனஸ் கொடுக்கிறோம், அப்படியும் ஆள் நிற்பதில்லை. இந்தத் தலைமுறைக்கு வேலையில் மனசில்லை." உற்பத்தித் திட்டமும் பயிற்சியும் எங்கள் தொழில். மனசை விட்டுவிட்டு, வேலையை எப்படிப் பிரித்து, எப்படி அளந்து கொடுக்கிறோம் என்று முதலில் பாருங்கள் என்பதே நாங்கள் சொல்ல வருவது.

பதின்மூன்றாம் மாதச் சம்பளம் சட்டப்படி வர வேண்டிய பணம், ஆண்டு வருமானத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு. மாடாய் உழைத்தவருக்கும் ஏனோதானோ என்று இருந்தவருக்கும் அதே கணக்குதான். வராவிட்டால் ஆலையே கொதிக்கும். வந்தால் யாரும் அதற்காக ஒரு பீஸ் கூடுதலாகத் தைக்கப் போவதில்லை. சம்பளம், விடுதி, மேற்பார்வை போன்றவை குறைந்தால் வெறுப்பைத் தரும், சரியாக இருந்தால் வெறுப்பைத் தடுக்கும், ஊக்கம் வேறு இடத்திலிருந்து வருகிறது என்று 1959-ல் அமெரிக்க உளவியலாளர் ஃபிரெடரிக் ஹெர்ஸ்பெர்க் சொன்னார். அவர் கேட்டது பிட்ஸ்பர்க் பக்கத்து இருநூற்றுச் சொச்சம் பொறியாளர்களிடமும் கணக்காளர்களிடமும்தான், தையல்காரர்களிடம் அல்ல. நல்லது நடந்தால் தன் திறமை, கெட்டது நடந்தால் நிர்வாகத்தின் குறை என்று சொல்வது மனித இயல்பு என்ற மறுப்பும் பின்னர் எழுந்தது. அதனால் அவர் சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. இலங்கையிலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் ஒப்பந்தத்தில் வந்து, மாதாமாதம் ஊருக்குப் பணம் அனுப்புகிறவருக்குச் சம்பளம்தான் முதல். அவருடைய ஓவர்டைம் கணக்கில் இரண்டு மணி நேரம் விட்டுப்போனால், அதற்கு மேல் என்ன செய்தாலும் எடுபடாது.

இனி மெஷினருகே வருவோம். டி-ஷர்ட்டின் பக்கத் தையல், துணி ஓரத்தை வெட்டிக்கொண்டே தைக்கும் ஓவர்லாக் மெஷின். ஒரு பீஸுக்கு 0.6 நிமிடம் என்று வைத்தால் எட்டு மணி நேரம், அதாவது 480 நிமிடத்தில் 800 பீஸ் என்பது நூறு சதவீதம். 80 சதவீதம் தாண்டினால் போனஸ். ஒரு தொழிலாளிக்கு ஒரு நாள் ஊசி முறிந்ததிலும் நூல் இழுவிசை கெட்டதிலும் மெக்கானிக்குக்காகக் காத்திருந்ததிலும் 60 நிமிடம் போய்விட்டது. மிச்ச நேரத்தில் 595 பீஸ் தைத்திருக்கிறார், அதாவது 357 நிமிட வேலை. அதை 480-ஆல் வகுத்தால் 74 சதவீதம், போனஸ் இல்லை. உண்மையில் மெஷின் ஓடிய 420-ஆல் வகுத்தால் 85 சதவீதம். அதே ஆள், அதே கை வேகம்.

இது நாலு முறை நடந்தால் அவர் என்ன கற்றுக்கொள்வார்? முறிந்த ஊசியின் துண்டுகள் எல்லாவற்றையும் தேடி எடுத்து, பதிவேட்டில் ஒட்டிக் காட்டினால்தான் புது ஊசி கிடைக்கும். அந்த விதி சரியானது, துணிக்குள் ஊசித் துண்டு போகவே கூடாது. ஆனால் அந்த நேரமும் தன் டார்கெட்டிலிருந்துதான் போகும் என்று தெரிந்தவர், முனை மழுங்கின ஊசியை மாற்றாமல் அதிலேயே ஓட்டுவார். பின்னல் துணிக்கு முனை உருண்ட ஊசி வேண்டும். அது இழையை விலக்கிக்கொண்டு போகும். முனை சேதமானால் இழையை அறுக்கும். அறுந்த இடம் ஆலையில் கண்ணுக்குத் தெரியாது, ஒரு சலவைக்குப் பிறகு ஓட்டையாக விரியும். அப்போது "தரத்தில் அக்கறையில்லை" என்ற பழி தைத்தவர் மேல் விழும். உழைத்தால் அளவு எட்டும், எட்டினால் பலன் வரும் என்ற நம்பிக்கைகளில் ஒன்று அறுந்தாலும் ஊக்கம் போய்விடும் என்பது 1964-ல் உளவியலாளர் விக்டர் வ்ரூம் சொன்னது. இங்கே முதல் நம்பிக்கையை அறுப்பதே நம் கணக்குத் தாள். மெஷின் நின்ற நேரத்தையும் பண்டில் (தைக்க வேண்டிய துண்டுகளின் கட்டு) வராத நேரத்தையும் தனிப் பத்தியில் எழுதி, தொழிலாளியின் நேரத்திலிருந்து கழித்துவிடுங்கள். இதற்குப் புது மெஷினோ புது ஆளோ வேண்டாம்.

பல ஆலைகள் சலிப்பைப் போக்க ஆளை மெஷின் மாற்றி உட்கார வைக்கின்றன, பிறகு பலன் இல்லை என்கின்றன. ஏன் என்பதற்கு, ஒரு வேலை எவ்வளவு ஊக்கம் தரும் என்று கணிக்க ஹாக்மேன், ஓல்ட்ஹாம் என்ற ஆய்வாளர்கள் 1970-களில் தந்த வாய்பாடு நல்ல விளக்கம். வேலையில் உள்ள பலவகைத் திறன், முழுப் பொருளாகக் காணும் தன்மை, பிறருக்குப் பயன் ஆகிய மூன்றின் சராசரியைச் சுதந்திரத்தாலும் பின்னூட்டத்தாலும் பெருக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 7 வரை மதிப்பெண். நம் பக்கத் தையலுக்கு உத்தேசமாக 2, 2, 5 போட்டால் சராசரி 3. சுதந்திரம் 1, பின்னூட்டம் 2. மொத்தம் 6. மெஷின் மாற்றி உட்கார வைத்துத் திறனை 5 ஆக்கினால் சராசரி 4, மொத்தம் 8. அவ்வளவுதான் ஏறுகிறது. அதைத் தொடாமல் சுதந்திரத்தை 3, பின்னூட்டத்தை 5 ஆக்கினால் 45! இது வழிகாட்டும் கணக்கு மட்டுமே, தராசு அல்ல. ஆனால் எங்கே கை வைக்க வேண்டும் என்று காட்டிவிடுகிறது.

பின்னூட்டம் என்பதற்குச் சூப்பர்வைசரின் கத்தல் என்று பொருள் அல்ல. பிழையான பண்டில் இரண்டு நாள் கழித்துத் திரும்பி வந்தால், எந்தக் கை அசைவில் தவறினோம் என்று யாருக்கும் நினைவிருக்காது. தரம் பார்ப்பவர் வரும் ஒவ்வொரு சுற்றிலும் 7 பீஸ் எடுத்துப் பார்த்து, பிழைக்கேற்பப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மெஷின் மேலேயே அட்டையில் குறிக்கலாம். அந்த அட்டையைத் தைப்பவரே எழுத வேண்டும், சிவப்பு என்றால் அவரே மெஷினை நிறுத்தும் உரிமையும் வேண்டும். சிவப்புக்குச் சம்பளம் பிடித்தீர்களோ, மறுநாளே எல்லா அட்டையும் பச்சையாகிவிடும். பிழை மட்டும் அப்படியே இருக்கும்.

ஆறேழு பேர் நின்றுகொண்டே வட்டமாக ஒரு சட்டையை முழுவதுமாகத் தைக்கும் குழு முறையும் உண்டு. ஸ்டைல் அடிக்கடி மாறும் சிறு ஆர்டருக்கு நன்றாக வரும். குழு அமைத்துவிட்டுத் தனிநபர் பீஸ் போனஸை அப்படியே வைத்திருந்தால் முதல் வாரமே சண்டைதான்.

கடைசியாக வருகைப் போனஸ். ஒரு நாள் வராவிட்டால் மாதப் போனஸ் முழுவதும் போகும் என்பது பரவலான ஏற்பாடு. நாலாம் தேதி பிள்ளைக்குக் காய்ச்சல் என்று நின்றுவிட்டால், மீதி மூன்று வாரத்துக்கு அந்தப் போனஸ் அவரைக் கட்டாது. நம் முன்னோர் கரும்புத் தோட்டத்தில் ஒரு நாள் வராததற்கு இரண்டு நாள் கூலி இழந்தார்கள். அந்த 'டபுள் கட்' அவர்களுக்கு வேலையில் பற்றை வளர்க்கவில்லை. போனஸை வாரக் கணக்காக நாலாகப் பிரியுங்கள். ஏழு நாள் முன்பே சொல்லி எடுக்கும் விடுப்பைக் கழிக்காதீர்கள். காவடி விரத நாட்கள் காலண்டரிலேயே இருக்கின்றன, ஆர்டரை அதற்கேற்பத் திட்டமிட முடியாதா என்ன?

விருப்பமுள்ள ஆலைகள் ஒரே ஒரு லைனில் (தையல் வரிசையில்) எட்டு வாரம் செய்து பார்க்கலாம். தொடங்கும் முன் நாலு வாரத்துக்கும் பிறகு எட்டு வாரத்துக்கும் மூன்று எண்களை எழுதி வையுங்கள்: திருத்தத்துக்குத் திரும்பிய பீஸ், சொல்லாமல் நின்ற நாள், மெஷின் நின்ற நிமிடம். மூன்றாவது எண் முதல் இரண்டு வாரம் ஏறும். இதுவரை மறைந்திருந்தது தாளுக்கு வருவதால்தான் அப்படி. அதைப் பார்த்து நிறுத்திவிட வேண்டாம்.

இப்படிக்கு,
தையல் ஆலைப் பயிற்சியாளர்கள் சிலர்,
ரோஸ் ஹில், மொரிசியஸ்