ஆலோசகர் குழுவின் பணி அறிக்கையோடு முடிவதில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்க அதிபரின் பொருளாதார ஆலோசகர் குழுவைப் பற்றித் தங்கள் இதழில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். மூன்றே உறுப்பினர்கள் கொண்ட அக்குழுவுக்கு விதி எதையும் பிறப்பிக்கும் அதிகாரம் இல்லாததால், தொழிலாளர் கொள்கையிலும் நுகர்வோர் பாதுகாப்பிலும் அதன் பங்கு அறிக்கை எழுதுவதோடு நின்றுவிடுகிறது என்கிறார் கட்டுரையாளர். 1946-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டம் அதற்கு ஆலோசனை கூறும் பணியை மட்டுமே தந்தது என்பது உண்மைதான். ஆயினும், யாருக்கும் தெரியாமல் கைநழுவும் பணம் எவ்வளவு என்று கணக்கிட்டுச் சொல்வதைச் சிறிய காரியமாக நான் கருதவில்லை.

2015 பிப்ரவரியில் ஓய்வுக்காலச் சேமிப்பு குறித்து அக்குழு வெளியிட்ட அறிக்கையையே எடுத்துக்கொள்வோம். பணி ஓய்வு பெறும் ஒருவர், நிறுவனத் திட்டத்தில் சேர்ந்த தொகையைத் தனிக் கணக்குக்கு மாற்றும்போது, எந்த நிதியில் முதலிடலாம் என்று அவருக்கு யோசனை சொல்பவர் அந்த நிதியை விற்கும் நிறுவனத்திடமிருந்தே கமிஷன் பெறுபவராக இருக்கக்கூடும். இத்தகைய யோசனையால் ஆண்டு வருவாய் சுமார் ஒரு சதவீதப் புள்ளி குறைகிறது என்றும், மொத்த இழப்பு ஆண்டுக்கு ஏறத்தாழ 1,700 கோடி டாலர் என்றும் குழு மதிப்பிட்டது. ஒரு சதவீதம்தானே என்று தோன்றலாம். 10,000 டாலரை 30 ஆண்டுகள் விட்டுவைத்தால், 6 சதவீத வருவாயில் அது சுமார் 57,400 டாலராகும். 5 சதவீதத்தில் 43,200 டாலரைத்தான் எட்டும். குறையும் தொகை கால் பங்கு. அதற்கென்று எந்த ரசீதும் அவர் கைக்கு வருவதில்லை.

கட்டுரை தொழிலாளரையும் நுகர்வோரையும் தனித்தனியே வைத்துப் பேசுகிறது. இங்கோ இருவரும் ஒரே ஆள். 1974-ஆம் ஆண்டு ஓய்வூதியப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், சேமிப்பவரின் நலனையே ஆலோசகர் முன்னிறுத்த வேண்டும் என்ற விதியை 2016-இல் தொழிலாளர் துறை வெளியிட்டதும் அதனால்தான். அதே ஆண்டு அக்டோபரில் குழு வெளியிட்ட மற்றொரு குறிப்பு, போட்டியாளர் இல்லாத விற்பனையாளர் விலையை ஏற்றுவதுபோல், போட்டியாளர் இல்லாத முதலாளி கூலியை இறக்கிவைக்க முடியும் என்று விளக்கியது. வேறிடம் போக வழியில்லாதவர் கடையிலும் இழக்கிறார், வேலையிலும் இழக்கிறார் என்ற ஒரே சிந்தனையைத்தான் இரண்டிலும் காண்கிறேன்.

தொழிலாளர் துறையின் அந்த 2016 விதியை மேல்முறையீட்டு நீதிமன்றம் 2018 மார்ச்சில் ரத்து செய்தது. துறை தன் அதிகார வரம்பை மீறிவிட்டது என்பதே தீர்ப்பின் அடிப்படை. சேமிப்பவரின் இழப்பு பொய் என்று அது சொல்லவில்லை.

உண்மையான பலவீனம் வேறிடத்தில் இருக்கிறது. குழு அதிபருக்குக் கீழே இயங்குவது. விதிக்கு ஆதரவு திரட்டப்பட்ட வேளையில்தான் இந்த மதிப்பீடும் வந்தது. கமிஷன் முறை போனால் சிறுசேமிப்பாளர்களுக்கு ஆலோசனையே கிடைக்காமல் போகும் என்று நிதித் துறையினர் அப்போது வாதிட்டனர். அதை நான் முழுமையாக ஏற்கவில்லை. ஆனாலும் ஒதுக்கித் தள்ளக்கூடிய வாதமன்று. குழுவின் அதிகாரமின்மைக்குச் செலவிட்ட பத்திகளில் ஒன்றையாவது கட்டுரையாளர் இதற்கு ஒதுக்கியிருக்கலாம்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்