வாளியை என்னிடமே விட்டுவிடுங்கள்: ஃபிரிஞ்ச் விழாக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

நம் ஃபிரிஞ்ச் நாடக விழாக் குழுவினருக்கு,

வணக்கம். அடுத்த வருட விழா பற்றிய உங்கள் அறிக்கையை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை கோபத்தோடு. இரண்டாம் தடவை, நீங்களும் சம்பளம் வாங்காமல் ராத்திரி பகலாக உழைக்கிறவர்கள்தானே என்ற நினைப்போடு. இரண்டு தடவையும் ஒரே இடத்தில்தான் முட்டி நின்றேன். இதுவரை நாடகக்காரர்களின் பெயர்ச் சீட்டை ஒரு வாளியில் போட்டுக் குலுக்கித்தான் யாருக்கு மேடை என்று முடிவு செய்தோம். இனிமேல் அந்தச் சீட்டுக் குலுக்கல் கிடையாது, மூன்று பேர் கொண்ட தேர்வுக் குழு ஸ்கிரிப்ட்டைப் படித்து நாடகங்களைத் தேர்ந்தெடுக்கும் என்கிறீர்கள். அடுத்த பத்தியிலேயே இன்னொன்று: விழா நடக்கிற பத்து நாளும் நூலகத்தின் பழைய புத்தக விற்பனை, சேர்ந்திசைக் குழுவின் பயிற்சி, உடைந்த சாமான்களைச் சரிசெய்து தருகிற ரிப்பேர் முகாம் மூன்றும் வேறு வாரத்துக்குப் போய்விட வேண்டுமாம். அப்போதுதான் கவனம் சிதறாதாம்.

நான் நடிகர் இல்லை, நாடகம் எழுதுகிறவரும் இல்லை. ஆறு வருடமாகச் சின்ன அரங்கின் வாசலில் டிக்கெட் கிழிக்கிற வாலண்டியர். நாடகங்களைவிட, நாடகம் பார்த்துவிட்டு வெளியே வருகிற முகங்களைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். அதை வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

ஃபிரிஞ்ச் என்ற பெயரே கூப்பிடாமல் வந்தவர்களால் கிடைத்தது. 1947இல் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் முதல் சர்வதேசக் கலை விழா நடந்தபோது எட்டு நாடகக் குழுக்கள் அழைப்பில்லாமலே வந்து, கிடைத்த இடத்தில் நாடகம் போட்டன. அதில் ஒன்று ஊருக்குள்கூட இல்லை. ஏறக்குறைய இருபது மைல் தள்ளி, டன்ஃபெர்ம்லின் மடாலயத்தில் நடந்தது. மறு வருடம் ராபர்ட் கெம்ப் என்பவர் பத்திரிகையில் இவர்களைப் பற்றி எழுதும்போது, பெரிய விழாவின் விளிம்பில் நடப்பவை என்று சொல்லப்போக, ‘விளிம்பு’ என்கிற அந்தச் சொல்லே, ஆங்கிலத்தில் ‘ஃபிரிஞ்ச்’, பெயராக ஒட்டிக்கொண்டது. 1958இல் இவர்களுக்கென்று ஒரு சங்கம் அமைந்தது. எது மேடையேறலாம், எது கூடாது என்று பார்க்கிற வேலை சங்கத்துக்குக் கிடையாது என்பதைத்தான் அவர்கள் தங்கள் அடிப்படையாக வைத்துக்கொண்டார்கள். வேடிக்கை என்னவென்றால், அதே 1947இல் பிரான்ஸில் ழான் விலார் தொடங்கிய அவிஞோன் விழாவிலும் இதே கதைதான். 1966இல் ஆந்த்ரே பெனெதெத்தோ அந்த விழாவுக்கு வெளியே தன் நாடகத்தைப் போட்டார். அது வளர்ந்து இன்று ‘ஆஃப்’ என்று தனி விழாவாகவே நிற்கிறது. பெரிய பந்தல் போட்டால் பக்கத்தில் ஒரு திண்ணை தானாக முளைக்கும் போலிருக்கிறது.

அங்கே இடம் நிறைய, நமக்கு இரண்டே அரங்கு, யாரையாவது ஒதுக்கத்தானே வேண்டும் என்பீர்கள். நியாயம்தான். கனடாவிலும் இதே சிக்கல் வந்தது. 1982இல் எட்மன்டனில் பிரையன் பெய்ஸ்லி தொடங்கிய ஃபிரிஞ்ச்தான் வட அமெரிக்காவில் முதல். அதைப் பார்த்து மற்ற ஊர்களும் தொடங்கின. அரங்குகள் கொஞ்சம், கேட்கிறவர்கள் நிறைய. அவர்கள் கண்ட வழி, முந்தி வந்தவருக்கு முதலிடம், இல்லையென்றால் சீட்டுக் குலுக்கல். நாடகத்தின் உள்ளடக்கத்தில் விழாக் குழு கை வைக்கக்கூடாது. டிக்கெட் பணம் நாடகக்காரருக்கே போக வேண்டும். அந்த நாட்டு ஃபிரிஞ்ச் விழாக்களின் கூட்டமைப்பு, ஃபிரிஞ்ச் என்ற சொல்லையே வர்த்தக முத்திரையாகப் பதிந்து வைத்திருக்கிறது. உங்கள் புதுத் திட்டத்தோடு நாம் அங்கே போய் நின்றால் அந்தப் பெயரை வைத்துக்கொள்ள விடமாட்டார்கள். இங்கே யாரும் கேட்கப்போவதில்லை, சரி. ஆனாலும் பலகையில் ஃபிரிஞ்ச் என்று எழுதிவிட்டு உள்ளே தேர்வு நடத்துவது எனக்கு உறுத்துகிறது.

இப்போது ஸ்கிரிப்ட் விஷயத்துக்கு வருகிறேன். மூன்று வருடத்துக்கு முன்னால் குலுக்கலில் கடைசிச் சீட்டாக வந்த ஒரு நாடகம் உங்களில் சிலருக்கு ஞாபகம் இருக்கலாம். ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் வேலை பார்க்கிற ஓர் அம்மா, தனியாளாகப் போட்டது. ஸ்கிரிப்ட் என்று அவர் கொடுத்தது ஒன்றரைப் பக்கம். லைட் போடுகிற பையன் அதை என்னிடம் காட்டினான். பாதிக்கு மேல் ‘மடிக்கிறார்’, ‘மறுபடியும் மடிக்கிறார்’ என்றுதான் இருந்தது. “இதில் நான் எங்கே லைட்டை மாற்றுவது?” என்று தலையைச் சொறிந்தான்.

மேடையில் ஒரு மேஜை, பக்கத்தில் மலைபோல் வெள்ளைப் போர்வைகள். அவர் ஒன்றை எடுத்து உதறுவார். அந்த உதறல் சத்தம் கடைசி வரிசை வரைக்கும் கேட்கும். நான்காக மடிப்பார், உள்ளங்கையால் ஒரு தடவை நீவுவார், அடுக்குவார். நாற்பது நிமிடமும் இதுதான். நடு நடுவே, எந்த வார்டில் எந்தப் படுக்கையிலிருந்து வந்தது, அந்தக் கறை எதனால் என்று பேச்சுவாக்கில் சொல்லிக்கொண்டே போவார். ஒரே ஒரு போர்வையை மட்டும் மடிக்காமல் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஏன் என்று கடைசிவரை சொல்லவே இல்லை. முதல் நாள் பதினொரு பேர் பார்த்தார்கள். கடைசி நாள் இடமில்லாமல் ஆட்களை வாசலிலிருந்து திருப்பி அனுப்பியது நான்தான். வெளியே வந்தவர்களில் ஒருவர் கிழித்த டிக்கெட்டைக் கையில் வைத்து நாலாக மடித்துக்கொண்டே போனார். அவருக்கே அது தெரிந்திருக்காது.

அந்த ஒன்றரைப் பக்கத்தை உங்கள் மூன்று பேரிடம் கொடுத்தால் என்ன சொல்லியிருப்பார்கள்? அவர்கள் ரசனையில்லாதவர்கள் என்று நான் சொல்லவில்லை. காகிதத்தில் அங்கே எதுவுமே இல்லை, அவ்வளவுதான். எழுதத் தெரிந்தவரின் நாடகம்தான் காகிதத்தில் நன்றாக இருக்கும்.

குலுக்கலில் குப்பையும் வருகிறது என்பதை மறைக்கப்போவதில்லை. வேற்றுக்கிரக நாடகம் ஒன்றில் புகை மெஷினை ஓயாமல் ஓட்டி, தீ அலாரம் அடித்து, எல்லோரும் வெளியே மழையில் நின்றோமே! அதைப் பார்த்த பிறகுதான் இந்தத் தேர்வுக் குழு யோசனையே உங்களுக்கு வந்தது என்று கேள்விப்பட்டேன். அதே ஆளுக்கு அடுத்த வருடமும் சீட்டு விழுந்தது. இந்தத் தடவை புகை இல்லை, நாடகமும் பாதி நேரம்தான். சுமாராகவே இருந்தது. ஆனால் முந்தைய வருடம் நனைந்தவர்களில் நாலைந்து பேர் திரும்பி வந்திருந்தார்கள், என்ன செய்கிறான் பார்க்கலாம் என்று. எனக்கு இந்த ஆர்வம் ரொம்பப் பிடிக்கும்.

அன்று மழையில் நின்றவர்கள் ஒதுங்கியது எங்கே? எதிர்க் கட்டடத்துப் புத்தக விற்பனையில். அங்கிருந்தவர்கள் என்ன கலாட்டா என்று விசாரித்துவிட்டு, அடுத்த காட்சிக்கு எங்களிடம் டிக்கெட் வாங்கினார்கள். நமக்கு நாற்காலி போதாதபோதெல்லாம் சேர்ந்திசைக் குழுவிடம்தான் கடன் வாங்குகிறோம். போன வருடம் ஒரு காட்சி முடிந்து அடுத்தது தொடங்கப் பதினைந்து நிமிடம் இருக்கும்போது லைட் ஸ்டாண்டின் கால் கழன்றது. ரிப்பேர் முகாமில் டோஸ்டர் பார்த்துக்கொண்டிருந்த பெரியவர் அதை அப்படியே போட்டுவிட்டு, ஸ்குரூ டிரைவரோடு ஓடி வந்தார். வேலை முடிந்ததும் நின்றபடியே நாடகத்தையும் பார்த்தார், டிக்கெட் இல்லாமல். மன்னியுங்கள். இவர்களையெல்லாம் வேறு வாரத்துக்கு அனுப்பிவிட்டு நாம் யாருடைய கவனத்தைப் பிடிக்கப்போகிறோம்? ஒரே தாளில் எல்லா நிகழ்ச்சிகளின் நேரத்தையும் அச்சடித்து எல்லா வாசலிலும் வையுங்கள். வேலை முடிந்தது.

டிக்கெட் பணம் முழுக்க நாடகக்காரருக்கே என்பதை நீங்கள் மாற்றவில்லை. அதற்கு நன்றி. அவர்கள் விழாவுக்குக் கட்டுகிற முன்பணத்தையும் ஏற்றாமல் இருந்தால் நல்லது. யாரையும் தடுக்காத எடின்பரோவிலேயே அரங்க வாடகையும் தங்குகிற செலவும் பல குழுக்களைக் கடனில் தள்ளிவிடுகின்றன.

தரம் வேண்டுமென்றால் அதற்கு வேறு வழி இருக்கிறது. சீட்டு விழுந்தவர்களைக் காட்சிக்கு ஒரு மாதம் முன்பே கூப்பிட்டு, லைட் என்றால் என்ன, கியூ (எந்த இடத்தில் லைட்டை மாற்றுவது என்கிற குறிப்பு) என்றால் என்ன என்று அரை நாள் சொல்லிக்கொடுங்கள். அந்த லைட் பையன் சந்தோஷமாகச் செய்வான். முதல் தடவை வருகிறவர்களுக்குப் பாதி இடத்தை ஒதுக்கித் தனியாகக் குலுக்குங்கள். விழாதவர்களின் சீட்டையும் வரிசையாக எடுத்துக் காத்திருப்போர் பட்டியல் போடுங்கள், யாராவது கடைசி நேரத்தில் விலகினால் உதவும். தேர்வுக் குழுவுக்கு வர ஒப்புக்கொண்ட அந்த மூன்று பேரிடமும், நாடகம் பார்த்த பிறகு அதைப் பற்றிப் பேசச் சொல்லுங்கள். அவர்கள் பேச்சைக் கேட்க நானும் வருவேன்.

இதையெல்லாம் மீறித் தேர்வுதான் என்று நீங்கள் முடிவெடுத்தால், வாசலில் நிற்க மாட்டேன் என்றெல்லாம் மிரட்டப்போவதில்லை. நிற்பேன். முணுமுணுத்துக்கொண்டே நிற்பேன்.

குலுக்கலுக்கு வைக்கிற அந்த நீல வாளி என் வீட்டில்தான் இருக்கிறது. கைப்பிடி உடைந்துவிட்டது, முகாம் பெரியவரிடம் கொடுத்திருக்கிறேன். எந்தத் தேதி, எந்த அறை என்று மட்டும் சொல்லுங்கள், கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
சின்ன அரங்கின் வாசலில் டிக்கெட் கிழிக்கிறவர்