மின் மயானத்துல எப்படிங்க நல்லடக்கம்?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

போன வாரம் உங்க பேப்பர்ல ஒரு சாவு நியூஸ், "அன்னாரது உடல் மின் மயானத்தில் நல்லடக்கம் செய்யப்பட்டது"ன்னு போட்டிருந்தீங்க. மின் மயானம் எரிக்கிற இடமாச்சே, அங்க எப்படி சார் அடக்கம் பண்ணுவாங்க? மண்ணுக்குள்ள வச்சாதான் அடக்கம், எரிச்சா தகனம். முன்னாடி 'நல்'னு சேர்த்தா கொஞ்சம் மரியாதையா இருக்கும், அவ்வளவுதான்.

இதுல எனக்கென்ன அக்கறைன்னா நான் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் டிசைன் பண்றவன். ராத்திரி ரெண்டு மணிக்கெல்லாம் போன் வரும், எரிக்கிறீங்களா புதைக்கிறீங்களான்னு மூஞ்சிக்கு நேரா கேக்க முடியாது, "எங்கண்ணே எடுத்துட்டுப் போறீங்க"ன்னு சுத்தி வளைச்சுத்தான் கேக்கணும். முஸ்லிம் வீடுன்னா "ஜனாஸா அஸர் தொழுகைக்குப் பின் நல்லடக்கம்"னு அவங்களே கரெக்டா சொல்லிடுவாங்க (ஜனாஸான்னா இறந்தவரோட உடல், அஸர்னா சாயந்தரத் தொழுகை), கிறிஸ்தவங்க வீட்லயும் அடக்க ஆராதனை எத்தன மணி, எந்தக் கல்லறைத் தோட்டம்னு எழுதியே குடுத்துடுவாங்க. இந்து வீட்லதான் விசாரிக்கணும், ஏன்னா புதைக்கிற வழக்கம் உள்ளவங்களும் நிறைய பேர் இருக்காங்க, எரிக்கிற வீட்லயே சின்னக் குழந்தைன்னா புதைப்பாங்க. ஒருதடவ தூக்கக் கலக்கத்துல பழைய ஃபைல்ல பேரையும் போட்டோவையும் மட்டும் மாத்தி, தகனம் பண்ற வீட்டுக்கு நல்லடக்கம்னு அடிச்சுக் குடுத்துட்டேன், ஊரெல்லாம் ஒட்டினப்புறம்தான் பாத்தாங்க. அந்தக் காசை நான் கேக்கவே இல்ல.

2016 டிசம்பர்ல ஜெயலலிதாவையும் 2018 ஆகஸ்ட்ல கலைஞரையும் மெரினாவுல அடக்கம் பண்ணப்போ டிவி பூரா இந்த வார்த்தைதான், அதுல இருந்து நல்லடக்கம்னா பெரிய மனுஷங்களுக்கு நடக்கிற இறுதிச்சடங்குன்னு ஜனங்க மனசுல பதிஞ்சிடுச்சு போல. 1975ல காமராஜரை எரிக்கத்தான் செஞ்சாங்க, அவருக்கு என்ன மரியாதை கொறஞ்சு போச்சு?

என்னப்பா ஒரு வார்த்தைக்குப் போய் லெட்டர் எழுதுறான்னு நினைக்காதீங்க. 2020ல இலங்கையில கொரோனாவுல இறந்தவங்களை எரிச்சே ஆகணும்னு அரசு உத்தரவு போட்டு, முஸ்லிம் ஜனங்க எங்க ஜனாஸாவ அடக்கம் பண்ண விடுங்கன்னு மாசக்கணக்கா போராடி, 2021 மார்ச்லதான் ஓட்டமாவடியில அடக்கம் பண்ணவே முடிஞ்சுது. அந்தக் குடும்பங்ககிட்ட போய் ரெண்டும் ஒண்ணுதானேன்னு சொல்லுவோமா?

இன்னொண்ணும் கேக்கணும். போலீஸ் மோப்ப நாய் செத்தா நல்லடக்கம்னு எழுதுறாங்க (நாய்மேல எனக்குக் கோபம் இல்ல), யாருமே தேடி வராத மனுஷ உடம்புன்னா "புதைக்கப்பட்டது". இவரையும் மண்ணுக்குள்ளதானே வச்சாங்க, அந்த 'நல்' மட்டும் எங்க போச்சு?

நியூஸ் டைப் பண்ற தம்பிங்ககிட்ட எந்த இடம்னு ஒரு வார்த்தை விசாரிக்கச் சொல்லுங்க. தெரியலைன்னா "இறுதிச்சடங்கு நடைபெற்றது"ன்னு போட்டுடலாம், நானும் இப்பல்லாம் அப்படித்தான் போடுறேன்.

இப்படிக்கு,
போஸ்டர் கடைக்காரன், தென்காசி