மிலானோவில் வேலை தேடும் மகளுக்கு

பலெர்மோ

அன்பு மகளுக்கு,

வியாழக்கிழமை நேர்முகத்தில், கல்யாணம் எப்போது, பிள்ளை பெறும் எண்ணம் உண்டா என்றெல்லாம் கேட்டார்கள் என்றும், நீ சிரித்துச் சமாளித்தாய் என்றும் சொன்னதிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை. அந்தக் கேள்விக்கு நீ பதில் சொல்லக் கடமைப்பட்டவள் அல்ல. இத்தாலியின் 1970ஆம் ஆண்டு 300ஆம் இலக்கச் சட்டத்தின் 8ஆம் பிரிவு, ஒருவரை வேலைக்கு எடுப்பதற்கு முன்பும்கூட, அவருடைய அரசியல், சமய, தொழிற்சங்கக் கருத்துகளையும் வேலைத் தகுதியோடு தொடர்பில்லாத விடயங்களையும் முதலாளி துருவி அறிவதைத் தடைசெய்கிறது. இனிமேல் யாரும் கேட்டால், "லேய்" (நீங்கள்) என்று அழைக்கும் மரியாதை குறையாமல், அந்த வேலையில் உனக்குள்ள பயிற்சியைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடு.

சம்பளத்தைப் பற்றிக் கேட்கக் கூச்சப்படாதே. அவர்கள் "ரால்" என்று சொல்வது வரியும் சமூகக் காப்புறுதியும் கழிக்குமுன் உள்ள ஆண்டுத் தொகை. 24,000 யூரோ என்றால் மாதம் 2,000 என்று எண்ணிவிடாதே. டிசம்பரில் வரும் பதின்மூன்றாம் சம்பளமும், வணிகத்துறைக்கான கூட்டு ஒப்பந்தமானால் (தொழிற்சங்கங்களும் முதலாளிகளும் துறைவாரியாகச் செய்துகொள்வது) கோடையில் வரும் பதினான்காவதும் அதற்குள்ளேயே அடங்குவதால், பதினான்காகப் பிரித்தால் 1,714 யூரோதான் வரும், பிடித்தங்களும் அதிலிருந்தே போகும். எந்தக் கூட்டு ஒப்பந்தம், அதில் எந்தப் பணிநிலை, ஆண்டுக்கு எத்தனை தடவை சம்பளம் என்ற மூன்றையும் கேட்டு எழுதிக்கொள்.

"ஸ்தாஜ்" தருகிறோம் என்றால் அவசரப்பட்டுத் தலையாட்டாதே. அது பயிற்சி மட்டுமே, வேலை உறவு அல்ல. அந்த மாதங்களுக்கு ஓய்வூதியப் பங்களிப்பும் சேராது. உனக்கு இன்னும் முப்பது ஆகாததால் "அப்ரெந்திஸ்தாத்தோ" கேட்கலாம். பயிலுநர் என்ற பெயர் இருந்தாலும் சட்டப்படி அது காலவரையறையற்ற ஒப்பந்தம். நான் இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. இங்கே வந்த புதிதில் ஒரு வீட்டில் முதியவர் ஒருவரை ஆறு ஆண்டுகள் "நேரோ"வில், அதாவது ஒப்பந்தமில்லாத கள்ள வேலையாக, பராமரித்தேன். பதிவு இல்லை, விடுமுறைச் சம்பளம் இல்லை, இன்று என் ஓய்வூதியக் கணக்கில் அந்த ஆறு ஆண்டுகளும் வெறுமையாகவே கிடக்கின்றன.

சுயவிவரத்தின் அடியில் தனிநபர் தரவுகளைப் பயன்படுத்தச் சம்மதிக்கும் வரியை எழுத மறக்காதே. ஆகஸ்டில் பதில் வராவிட்டால் மனம் தளராதே, பெரும்பாலான அலுவலகங்கள் விடுமுறையில் இருக்கும். செப்டெம்பரில் மீண்டும் எழுது.

ஒப்பந்த வரைவு கைக்கு வந்தால் கையெழுத்திடுமுன் எனக்கும் ஒரு பிரதி அனுப்பு. இங்குள்ள தொழிற்சங்க அலுவலகத்தில் காட்டி வாசிப்பித்துவிட்டுச் சொல்கிறேன்.

அன்புடன்,
அம்மா